கல்யாண முருங்கைப் பட்டினம்

ஒரு துறைமுகப் பட்டினத்தை அறிந்துகொள்ள வேண்டுமானால் காலால் நடந்துதான் அறிய வேண்டும். வண்டியில் ஏறிக்கொண்டால் வண்டிக்காரன் காட்டுகிற ஊர்தான் நமக்குத் தெரியும். நடக்கிறவனுக்கோ ஊர் தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். அதுவும் பழைய துறைமுகங்கள் நடப்பதற்கென்றே அமைந்தவை. கப்பலிலிருந்து இறங்கியவன் மூட்டையை இறக்கி வைத்து, சுங்கம் கட்டி, தன் தெய்வத்தின் சந்நிதியில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இருட்டுவதற்குள் சத்திரம் சேர வேண்டும். ஆகையால் கிடங்கும் கோயிலும் கடைத்தெருவும் ஒன்றையொன்று எட்டிப் பிடிக்கிற தூரத்திலேயே இருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு பட்டினத்துக்கு வாசகர்களை இன்று அழைத்துப் போக எண்ணுகிறேன். சீன தேசத்தின் தென்கிழக்கில், பூஜியான் மாகாணத்தில், தைவான் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிறது சுவான்ஜௌ. இந்தப் பெயரைக் கேட்டதும் நம்மில் பலர் உதட்டைப் பிதுக்குவோம். ஷாங்காய் தெரியும், ஹாங்காங் தெரியும். இது எந்த ஊர்? ஆனால் 700 வருஷங்களுக்கு முன்னால் உலகத்தில் கடல் ஓடிய எவனைக் கேட்டிருந்தாலும், ஷாங்காயைத் தெரியாது என்று சொல்லியிருப்பான். இந்த ஊரைத் தெரியாது என்று சொல்லியிருக்க மாட்டான். அன்று இதற்கு அரபு மாலுமிகள் வைத்திருந்த பெயர் சைத்தூன்.

அரபு மொழியில் சைத்தூன் என்றால் ஆலிவ் என்று அர்த்தம். ஆலிவ் மரத்துக்கும் இந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பத்தாம் நூற்றாண்டில் இந்த ஊரை ஆண்ட லியூ ஸோங்ஸியாவ் என்ற அதிபதி, நகரத்து மதிலைச் சுற்றிலும் ஒருவகை மரத்தை நட்டு வைத்தான். வசந்த காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து, மதில் முழுவதும் தீப்பற்றினாற் போல் செக்கச் செவேலென்று பூக்கும் மரம். சீனர்கள் அதற்கு 'ஸீதோங்' என்று பெயர் சொன்னார்கள். அந்தப் பெயர்தான் அயல்நாட்டார் நாக்கில் சைத்தூன் ஆயிற்று. அது என்ன மரம் தெரியுமா? நம் ஊர் வேலியோரத்தில் நிற்கிறதே, குழந்தைகளுக்குச் சளி பிடித்தால் பாட்டிமார் இலை பறித்து அடை தட்டிக் கொடுப்பார்களே, அந்தக் கல்யாண முருங்கைதான்! ஊர் புதிது, ஆனால் அதன் வாசலில் நிற்கும் மரம் நமக்குப் பழைய சிநேகம்.

காலையில் மேற்குத் தெருவிலிருந்து நடக்கத் தொடங்கலாம். கடைகளில் ஆவி பறக்கிறது. நூல் போன்ற சேமியாவைக் குழையக் காய்ச்சிக் கிண்ணங்களில் ஊற்றுகிறார்கள். கூரைகளுக்கு மேல் நிமிர்ந்து பார்த்தால் இரண்டு கற்கோபுரங்கள் தெரிகின்றன. கையுவான் ஆலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் அவை. கிழக்குக் கோபுரம் 48 மீட்டர், மேற்குக் கோபுரம் 44 மீட்டர். மரத்தினால் செய்ததைப் போன்ற உத்தரமும் இறவாணமுமாகக் காண்கிறதெல்லாம் கருங்கல். 1228-ல் தொடங்கி 1250-க்குள் இரண்டையும் கல்லில் எடுத்துக் கட்டி முடித்தார்கள். 1604-ல் வந்த பெரிய பூகம்பத்தில்கூட இரண்டும் விழவில்லை.

மேற்குக் கோபுரத்தின் நாலாவது நிலையில் வாள் ஏந்திய குரங்கு வீரன் ஒருவன் செதுக்கப்பட்டிருக்கிறான். சீனர்களின் புகழ்பெற்ற மேற்கு யாத்திரைக் கதையில் வருகிற குரங்கரசனுக்கு முன்னோடி இவன் என்பார்கள். அந்த நாவல் அச்சேறியது 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில். இந்தச் சிற்பம் அதற்கு மூன்றரை நூற்றாண்டு மூத்தது. நம் அநுமார்தான் கப்பலேறி வந்து இப்படி மாறிவிட்டார் என்று வாதிக்கும் பண்டிதர்களும் உண்டு, மறுக்கும் பண்டிதர்களும் உண்டு. கடலைத் தாண்டுவது அவருக்குப் புதிதல்ல என்று சொல்லி நாம் மேலே நடக்கலாம்.

ஆலயம் புத்தருடையது. 686-ஆம் வருஷத்தில் ஒரு செல்வருடைய பட்டுப்பூச்சித் தோட்டத்தில் எழுந்ததாக ஐதீகம். துறவி ஒருவர் தோட்டத்தைக் கேட்டாராம். "முசுக்கட்டை மரத்தில் தாமரை பூக்கட்டும், தருகிறேன்" என்றாராம் செல்வர். பூத்துவிட்டதாம். கொடுக்க மனமில்லாத கோடீசுவரனைக் கொடுக்க வைக்கிற கதைகள் எல்லா நாட்டிலும் ஒரே அச்சுத்தான்.

பிரதான மண்டபத்தின் முன்னால் வரும்போதுதான் தமிழ்நாட்டிலிருந்து போனவனுடைய கால் தானாகவே நிற்கும். மண்டபத்து மேடையின் அடிவரிசையில் சிங்கங்கள். சிங்க உடலும் மனித முகமுமாகச் சில உருவங்கள். இப்படி எழுபதுக்கும் மேற்பட்ட பலகைக் கற்கள். எங்கேயோ பார்த்த வரிசையாக இருக்கிறதே என்று மனம் துடிக்கிறது. பின்பக்கம் போனால் சந்தேகம் தீர்ந்து போகிறது. பதினாறு பட்டையுள்ள இரண்டு தூண்கள். வட்டங்களுக்குள் சிற்பங்கள். இரணியனை மடியில் கிடத்தி வயிற்றைக் கிழிக்கும் நரசிங்கம். உரலோடு இரண்டு மரங்களுக்கு நடுவே தவழும் கண்ணன். முதலையின் வாயில் கால் சிக்கிய யானைக்குப் பெருமாள் அருளும் காட்சி. சீனத்துப் புத்தர் கோயிலின் கொல்லைப்புறத்தில் நம் பாகவதம் நிற்கிறது!

இவை இங்கே எப்படி வந்தன என்பதற்கு விடை, 1956-ல் இந்த ஊரில் கிடைத்த ஒரு கல்லில் இருக்கிறது. கல்லில் உள்ள எழுத்து தமிழ். அடியில் சீனத்தில் ஒரு வரி. சகாப்தம் 1203, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம் என்று நாள் சொல்கிறது. நம் கணக்கில் 1281-ஆம் வருஷம் ஏப்ரல். சம்பந்தப் பெருமாள் என்ற தவச்சக்கரவர்த்திகள், திருக்கதலீசுவரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார். எதற்காக? செகசை கான் அவர்களின் திருமேனி நலமாக இருப்பதற்காக. எந்த அதிகாரத்தின் பேரில்? அந்தக் கானின் பர்மான்படி.

கான் யார் என்பதைப் பற்றி ஆராய்ச்சி உண்டு. அந்த ஆண்டில் சீனத்தின் சிங்காசனத்தில் இருந்தவன் குப்ளாய் கான். மங்கோலியர் அவனுக்குச் சூட்டிய பட்டம் ஸெச்சென் கான். ஆகையால் குப்ளாயைத்தான் நம் வணிகர் தமிழ் உச்சரிப்பில் செகசை கானாக்கினார் என்பதே பலருடைய முடிவு. மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்டுகொண்டிருந்த காலம். பாண்டி நாட்டு முத்தும் குதிரை வியாபாரமும் கொழித்த காலம். அப்போது சீனக் கடற்கரையில் ஒரு சிவன் கோயில் கும்பாபிஷேகம் நடந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு மார்தட்டிக்கொள்வது சுலபம். அதைச் செய்வதற்கு வேறு பலர் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கல்லில் ஒரே ஒரு விஷயம் உறுத்துகிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் இதே ஆலய வளாகத்தில் இன்னொரு கட்டடத்துக்குள் நுழைந்துவிட்டு வரலாம்.

அங்கே ஒரு மரக்கலத்தின் எலும்புக்கூடு கிடக்கிறது. ஊருக்கு வெளியே ஹௌஜூ துறைச் சேற்றிலிருந்து 1974-ல் தோண்டி எடுத்தார்கள். மிஞ்சியிருக்கும் பகுதியே 24 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். உள்ளே குறுக்குப் பலகைகளால் தடுத்த 13 அறைகள். ஓர் அறையில் ஓட்டை விழுந்தால் மற்ற அறைகளுக்குத் தண்ணீர் பரவாது; கப்பல் மூழ்காமல் கரை சேரும். ஐரோப்பியர் இந்த வித்தையைக் கைக்கொள்வதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த ஊர்த் தச்சன் அதைச் செய்து முடித்துவிட்டான். சேற்றுக்குள்ளிருந்து சந்தனமும் அகிலுமாக இரண்டாயிரம் கிலோவுக்கு மேல் வாசனைக் கட்டைகள், மிளகு, கொட்டைப் பாக்கு, சோழி எல்லாம் வந்தன. கூடவே, சரக்கு யாருடையது என்று எழுதிக் கட்டிய மரச் சீட்டுகள். அவற்றில் பல, இந்த ஊரில் குடியிருந்த ஸோங் அரச குடும்பத்தாருடையவை என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

கப்பல் திரும்பி வந்தது 1270-களின் நடுவில். சரக்கு வந்து சேர்ந்தபோது சரக்குக்கு உடையவர்கள் உயிரோடு இருந்தார்களா என்பதே சந்தேகம். அந்தக் கதை இதுதான்.

ஸோங் வம்சத்து அரசர்கள் ஆண்டபோது இந்த ஊரின் கடல் வாணிபத்துக்கு ஓர் அதிகாரம் இருந்தது. 1087-ல் நிறுவப்பட்ட சுங்கச் சாவடி அது. அதன் அதிகாரிகளில் ஒருவரான ஜாவ் ரூகுவா, வருகிற மாலுமிகளையெல்லாம் விசாரித்து அயல்நாடுகளைப் பற்றி 1225-ல் ஒரு நூல் எழுதினார். அதில் சோழ நாட்டுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. அவர் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருக்கு அரை நூற்றாண்டுக்குப் பின் அதே துறையின் அதிகாரம் பூ ஷௌகெங் என்பவர் கைக்கு வந்தது. இவர் முஸ்லிம். முன்னோர் அரபு வணிகர்கள் என்பது பெரும்பாலோர் கருத்து. சொந்தமாகவே ஏராளமான கப்பல்கள் வைத்திருந்தவர்.

1276-ல் மங்கோலியர் ஸோங் தலைநகரைப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைப் பிராயத்து அரசனைத் தூக்கிக்கொண்டு மிச்சமிருந்த படை கடல் வழியாக இந்தத் துறைக்கு வந்தது. வந்த தளபதிக்குக் கப்பல் வேண்டும். கேட்டு வாங்கப் பொறுமையில்லை. பூ ஷௌகெங்கின் கப்பல்களையும் சரக்கையும் பறித்துக்கொண்டான். வணிகர் சினந்தார். நகரத்துக் கதவுகளைச் சாத்தினார். பிறகு, ஊருக்குள் இருந்த அரச குடும்பத்தாரை ஆண் பெண் பாராமல் கொல்ல வைத்தார். ஏறக்குறைய 3000 பேர் மாண்டார்கள் என்று சொல்லுகின்றன சரித்திரக் குறிப்புகள். அப்புறம் பட்டினத்தை மங்கோலியர் வசம் ஒப்படைத்தார். பட்டினத்தில் கடை அடைக்கவில்லை. கப்பல்கள் வழக்கம்போல் ஓடின. அவருக்குப் பதவி உயர்ந்தது.

இதற்கு ஐந்து வருஷங்களுக்குப் பிறகுதான் நம் சம்பந்தப் பெருமாள், கானின் திருமேனி நலத்துக்காக ஈசுவரனை எழுந்தருளப் பண்ணுகிறார். எனக்கு உறுத்துகிற விஷயம் இதுதான். மூவாயிரம் பேர் செத்த ஊரில், செத்தவர்களை வென்றவனுடைய ஆரோக்கியத்துக்காக ஒரு கோயில்!

குற்றம் சொல்லலாமா? சொல்வதற்கு வாய் வரவில்லை. அயல் மண்ணில் பிழைக்கிறவனுக்கு அரசன் யார் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. நேற்றைய அரசனுக்கு வரி கட்டினான்; இன்றைய அரசனுக்கும் கட்டுகிறான். அவனுக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் வேண்டும், அதில் தன் ஊர்ச் சாமியை வைக்க வேண்டும். அதற்கு அநுமதிச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு விலை, ஒரு வாழ்த்து. கையெழுத்துப் போடுகிற அதிகாரியின் வீட்டு விசேஷத்துக்குத் தாம்பாளத்தோடு போய் நிற்கிற குடும்பஸ்தன் நம் தெருவிலும் இருக்கிறான் அல்லவா? அவனைக் கோழை என்று சொல்லிவிட முடியுமா? அதற்காக அவன் செய்வதை வீரம் என்றும் சொல்ல முடியாது. அந்தத் தமிழ்க் கல் நமக்குப் பெருமை தருகிறதென்றால், அந்தப் பெருமையோடு இந்தச் சங்கடத்தையும் சேர்த்தேதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் திருமேனி நலம் வேண்டிக்கொண்ட அதே 1281-ல், ஆகஸ்டு மாதம், ஜப்பானைப் பிடிக்கக் குப்ளாய் அனுப்பிய பெருங் கப்பற்படை புயலில் அழிந்தது. கடலுக்கு அரசனும் தெரியாது, அவன் பர்மானும் தெரியாது.

மத்தியானம் ஆகிவிட்டது. ஜொங்ஷான் தெருவின் தாழ்வாரங்கள் வழியாக நிழலிலேயே நடக்கலாம். மாடி தெருப்பக்கம் நீண்டு, கீழே தூண் வரிசையுடன் நடைபாதை. பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இருந்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும். ஆச்சரியமில்லை. மலேயாவுக்குப் பிழைக்கப் போன சீனர்களில் ஏராளமானவர் இந்தக் கரைக்காரர்கள். நம்மவர்கள் ரப்பர்த் தோட்டத்திலும் ரயில் பாதையிலும் வேலை செய்த அதே ஊர்களில் இவர்கள் கடை வைத்திருந்தார்கள்.

தூமென் தெருவில் ச்சிங்ஜிங் பள்ளிவாசல். கருங்கல்லில் உயர்ந்த வளைவு வாசல். ஹிஜ்ரி 400-ல், அதாவது 1009-ல் கட்டியதென்றும், 1310-ல் ஷீராஸ் நகரத்து வம்சத்தார் ஒருவர் புதுப்பித்தாரென்றும் அரபு எழுத்தில் பொறித்திருக்கிறது. தொழுகைக் கூடத்துக்கு இப்போது கூரை இல்லை. கற்சுவர்களுக்கு நடுவே வானமே கூரை. பக்கத்திலேயே குவான் யூ என்ற போர்த் தெய்வத்தின் கோயில். அங்கே ஏற்றுகிற ஊதுபத்திப் புகை சுவரைத் தாண்டிப் பள்ளிவாசல் முற்றத்தில் இறங்குகிறது. ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஆனால் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1292-ஐ ஒட்டி மார்க்கோ போலோ இந்தத் துறையிலிருந்துதான் கப்பலேறினார். வழியில் நம் காயலையும் பார்த்தார். அலெக்ஸாந்திரியாவுக்கு ஒரு மிளகுக் கப்பல் போனால் சைத்தூனுக்கு நூறு வரும் என்பது அவர் கணக்கு. 1340-களில் இபன் பதூதா வந்தபோதும் துறை நிறையக் கப்பல். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள், 1357-ல், இங்கிருந்த பாரசீகப் படையினர் கலகம் செய்தார்கள். கட்சிக்குள் கட்சி முளைத்தது. ஊர் பத்து வருஷம் பற்றி எரிந்தது. 1366-ல் கலகத்தை அடக்கிய படை நகரத்துக்குள் புகுந்தபோது அயலார் வேட்டையாடப்பட்டார்கள். மூக்கு நீண்டிருந்த குற்றத்துக்காகவே அயலாரென்று எண்ணிக் கொல்லப்பட்டவர்களும் உண்டென்று ஒரு குடும்பச் சுவடி சொல்கிறது. 1276-ல் அரச குடும்பத்தில் பிறந்தது குற்றமாயிருந்தது; 1366-ல் மூக்கு குற்றமாயிற்று. இரண்டுக்கும் நடுவே தொண்ணூறு வருஷ வியாபாரம்.

பிறகு வந்த மிங் அரசு கடல் வாணிபத்துக்குக் கதவடைத்தது. பூ குடும்பத்தார் உத்தியோகப் பரீட்சை எழுதக் கூடாதென்று முதல் மிங் அரசர் தடுத்தார் என்பார்கள். ஆனாலும் பள்ளிவாசலில் இன்னொரு கல்லையும் பார்த்துவிட வேண்டும். முஸ்லிம்களை யாரும் துன்புறுத்தக் கூடாது என்று யோங்லோ சக்கரவர்த்தி 1407-ல் பிறப்பித்த ஆணை அது. வெட்டிய கை ஆறு வதற்கு நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது.

சிவன் கோயில் இந்தக் கொந்தளிப்புகளுக்குத் தப்பவில்லை. கோயில் போயிற்று, கல் போகவில்லை. ஊர்க் கொத்தனார்கள் அதை எடுத்து மதிலுக்கு வைத்தார்கள், பாலத்துக்கு வைத்தார்கள். கையுவான் ஆலயத்தை மிங் காலத்தில் செப்பனிட்டபோது அங்கேயும் கொண்டு போய் வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பழைய மதிலை இடித்தபோது, உள்ளேயிருந்து சிவலிங்கமும் சிலுவையும் பிறையும் கலந்து கலந்து வந்தன. அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பெயர் வூ வென்லியாங். வீட்டுக் கட்டடத்துக்கும் சாலைக்கும் உடைபட இருந்த கற்களையெல்லாம் காப்பாற்றி, 1957-ல் அவற்றைப் பற்றி நூலும் வெளியிட்டார். அந்த ஒரு மனிதர் இல்லாவிட்டால் இந்த ஊரின் பாதிச் சரித்திரம் சாலைச் சரளையாகியிருக்கும். 2021-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் இங்குள்ள 22 இடங்களை உலகச் சொத்தாக ஏற்றுக்கொண்டதற்கு, அந்த வாத்தியார் தெருத் தெருவாக நடந்த நடையும் ஒரு காரணம்.

பிற்பகலில் தெற்கு வாசல் பக்கம், கடல் தாயான மாஸுவின் கோயில். 1196-ல் ஏற்பட்டது. செம்படவக் குலத்துப் பெண்ணொருத்தி தெய்வமாகி மாலுமிகளைக் காக்கிறாள் என்று நம்பிக்கை. அவள் சந்நிதியில் தலை நிறையப் பூ வைத்துக்கொண்ட பெண்களைப் பார்க்கலாம். பக்கத்துச் சுன்பூ மீனவக் குப்பத்தின் வழக்கம் அது; கொண்டையைச் சுற்றி வட்டமாகப் பூச்சரம். நம் ஊர்க் கல்யாண வீட்டைத் திரும்பிப் பார்த்த மாதிரி இருக்கும்.

அங்கிருந்து கிழக்கே நடந்தால் 1959-ல் ஏற்பட்ட கடல் வாணிப அருங்காட்சிச் சாலை. வூ வென்லியாங் சேர்த்த கற்கள் பல இங்கே இருக்கின்றன. ஒரு பலகையில் யானை தும்பிக்கையால் பூவெடுத்து லிங்கத்துக்குச் சாத்துகிறது. திருவானைக்கா தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். கடல் கடந்து போன வணிகன் தன் ஊர்த் தல புராணத்தை இப்படி மறக்காமல் சிற்பிக்குச் சொல்லியிருக்கிறான். செதுக்கிய கை சீனக் கை. மேகமும் இலையும் சீன வளைவு. சொன்ன வாய் தமிழ் வாய்.

அந்தக் கொத்தனார்கள் நம் தூண்களைப் பக்தியால் எடுத்து வைத்தார்களா, நல்ல கல்லை வீணாக்குவானேன் என்று வைத்தார்களா? இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மதிலுக்கு வைத்த கல் வேறு. கோயிலின் தூணாக, சிற்பம் தெரியும்படி நிறுத்திய கல் வேறு. இரணியன் யாரென்று அறியாதவன்தான். ஆனால் இது சாமி என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கானின் நலம் வேண்டிய கோயிலைக் கானுடைய சாம்ராஜ்யம் காப்பாற்றவில்லை. பெயர் தெரியாத ஒரு கொத்தனாருடைய கண் காப்பாற்றியது.

ஊருக்கு வெளியே சேதியான் என்ற கிராமத்தில் ஒரு சிறிய மாடம் இருக்கிறது. அதில் நான்கு கைகளோடு, பக்கத்தில் இரண்டு பணிப்பெண்களோடு ஓர் அம்மன் அமர்ந்திருக்கிறாள். நம் நாட்டு வார்ப்பு என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். கிராமத்து ஜனங்கள் அவளைக் கருணைத் தெய்வமான குவான்யின் என்று சொல்லுகிறார்கள். அவள் எந்த ஊரிலிருந்து வந்தவள் என்று யாரும் கேட்கவில்லை. பொழுது சாய்ந்ததும் ஒரு கிழவி வந்து ஊதுபத்தி ஏற்றி, பழம் வைத்து, பேரப்பிள்ளைகளுக்காக வேண்டிக்கொண்டு போகிறாள்.